அடிச்சட்டம் எங்கே?

வீட்டில் மின்சாரம் போனால் தமிழ்நாட்டில் பல இடங்களில் இன்னமும் முதலில் கை போவது மீட்டர் பலகையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டைக்குத்தான். அதை உருவி, கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிச் செருகினால் விளக்கு எரியும். பியூஸ் கேரியர் என்று கடைகளில் விற்கும் இந்தக் கட்டையைச் செய்யும் ஊர்களில் விருத்தாசலத்துக்குத் தனி இடம் உண்டு. கடலூர் மாவட்டத்து இந்த ஊரைக் கோயில் வழியாக அறிந்தவர்கள் பழமலைநாதரைச் சொல்வார்கள். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். ரயில் வழியாக அறிந்தவர்களுக்கு அது ஜங்ஷன். மின்சாமான் வியாபாரிகளுக்கு அது செராமிக் ஊர்.

பீங்கான் இங்கே வேர்விட்டதற்குப் பக்கத்து நெய்வேலி ஒரு பெரிய காரணம். பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வெளியே வருகிறது. கழுவிச் சுத்தப்படுத்தினால் அது பீங்கானுக்கு ஆகும். 1956-ல் நெய்வேலி நிறுவனம் தோன்றிய பிறகு விருத்தாசலத்தில் அரசு செராமிக் மையமும், அதையொட்டிச் சிறு ஆலைகளும், செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் நிலையமும் வளர்ந்தன. ஜாடி, பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று பலதும் இங்கே சூளை ஏறின. கூடவே மின்சாமான்கள்.

மின்சாரத்துக்கான பீங்கான் மற்றப் பீங்கானைவிடக் கறாரானது. வெண்களியும் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் தண்ணீரோடு சேர்ந்து பால் மில்லில் மாவாக அரைபடும். அந்தக் கரைசலை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தால் அப்பளக்கட்டு போன்ற பாளங்கள் கிடைக்கும். சின்னச் சாமானாக இருந்தால் ஈரம் குறைந்த பொடியை இரும்பு அச்சில் போட்டு அழுத்துவார்கள். பெரிய இன்சுலேட்டராக இருந்தால் பக் மில்லில் காற்றை உறிஞ்சிவிட்டு உருளையாகத் தள்ளி, பிறகு கடைந்தெடுப்பார்கள். காய்ந்தபின் கிளேஸ் பூசி, 1,250 டிகிரிக்கு மேலே சுட வேண்டும். சூட்டில் உருப்படி சுருங்கும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாகவே சுருங்கக்கூடும் என்பதால் அச்சையே அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டுகிறார்கள். திருகாணித் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பித்தளைத் தகடு பொருந்தாது.

சுட்டது தேறியதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. மாதிரி ஒன்றை உடைத்து, சில்லுகளை இளஞ்சிவப்புச் சாயத்தில் அழுத்தத்தோடு ஊறவைப்பார்கள். வெளியே எடுத்து மறுபடி உடைத்தால் உள்ளே வெள்ளையாகவே இருக்க வேண்டும். சாயம் ஊறி உள்ளே போயிருந்தால் மழைநீரும் போகும். நீர் போகும் வழியில் மின்சாரமும் போகும். அந்தச் சூளைச் சரக்கு முழுவதும் கழிவுதான்.

மழையும் மின்சாரமும் இப்படிக் கைகோத்ததால் ஒரு நகரம் தன் போக்குவரத்தையே மாற்றியமைத்த கதை மெட்ராஸில் நடந்திருக்கிறது.

ஐந்து நகரங்களுக்கு முன்னால்

1895 மே 7-ஆம் தேதி மெட்ராஸில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். கொல்கத்தாவில் அப்போது குதிரைகள் டிராமை இழுத்துக்கொண்டிருந்தன. அங்கே மின்சாரம் வந்தது 1902-ல். மும்பைக்கு 1907-லும் டெல்லிக்கு 1908-லும் வந்தது. கடல் கடந்த கொழும்பு நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் மின் டிராமைக் கண்டது. ஆட்சித் தலைநகரான லண்டனிலேயே முறையான மின் டிராம் சேவை 1901-ல்தான் தொடங்கியது. கொல்கத்தா டிராமை ஆசியாவின் முதல் மின் டிராம் என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மெட்ராஸில் மின் டிராம் ஓடியாயிற்று.

அன்றைய மெட்ராஸில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் தரும் பொது ஏற்பாடு கிடையாது. டிராம் கம்பெனி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ள வேண்டியிருந்தது. கம்பியை வானத்தில் கட்டாமல் தரைக்குள் புதைப்பது என்று முதலில் முடிவாயிற்று. தண்டவாளத்தை ஒட்டித் தெருவில் ஒரு நீளப் பள்ளம்; அதன் மேலே ஒடுங்கிய பிளவு; உள்ளே பீங்கான் தாங்கிகளில் அமர்ந்த மின்கம்பி. வண்டியின் அடியிலிருந்து இறங்கும் ஒரு தகடு அந்தப் பிளவு வழியே போய்க் கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓடும். தெருவின் அழகு கெடாது. கம்பம் நட வேண்டாம்.

ஐரோப்பிய நகரத்துத் தூறலுக்கு இது தாக்குப்பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மெட்ராஸ் தெரு எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள். பள்ளத்தில் வெள்ளம் புகுந்தது, சேறு அடைத்தது, வண்டிகள் நின்றன. சில பருவமழைகளுக்குப் பிறகு கம்பெனி பள்ளத்தைக் கைவிட்டுக் கம்பங்களை நட்டது. மின்சாரம் தலைக்கு மேலே போயிற்று. வண்டியின் கூரையிலிருந்து சாய்வாக எழும் டிராலி கம்பத்தின் நுனிச் சக்கரம் கம்பியின் அடியில் உருண்டு மின்சாரத்தை இறக்கியது. ஐந்நூறு வோல்ட்டுக்குக் குறையாத நேர்மின்சாரம் ஓடும் செப்புக் கம்பியைக் கம்பத்திலிருந்தும் இழுவைக் கயிற்றிலிருந்தும் பிரித்து வைத்தவை கையடக்கமான இன்சுலேட்டர்கள். விருத்தாசலத்தில் செராமிக் சூளை எரிவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பீங்கானுக்கும் டிராமுக்கும் உறவு விழுந்துவிட்டது.

முதலில் தொடங்கிய கம்பெனி நிலைக்கவில்லை. 1904-ல் உருவான மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் கம்பெனி பொறுப்பை ஏற்றது. துறைமுகம், பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று தண்டவாளம் விரிந்தது. 1921-ல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. வேப்பேரி ரண்டல்ஸ் ரோட்டில் பணிமனை இருந்தது. இன்று அந்த இடத்தில் தினத்தந்தி அலுவலகம் இருக்கிறது. தெரு பிறகு ஈ.வெ.கி. சம்பத் சாலை ஆனது. 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் டிராம் தொழிலாளர்களும் சங்கமாகத் திரண்டார்கள்.

பிறகு பஸ் வந்தது. பஸ்ஸுக்குத் தண்டவாளம் வேண்டாம், கம்பி வேண்டாம், தெருவைப் பழுதுபார்க்கும் செலவும் தலையில் விழாது. டிராம் கம்பெனிக்கு இவை எல்லாமே செலவு. 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு மெட்ராஸ் டிராமின் கதை முடிந்தது. லண்டனின் பழைய டிராம்கள் 1952 ஜூலையில் கடைசியாக ஓடின. அதற்கு ஒன்பது மாதம் கழித்து மெட்ராஸ். கொழும்பு 1960 வரை தாங்கியது, டெல்லி 1963 வரை, மும்பை 1964 மார்ச் வரை. கொல்கத்தா மட்டும் விடவில்லை.

குனிந்து பார்க்க வேண்டிய வண்டி

லண்டனும் மெட்ராஸும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டிராமைக் கைவிட்டாலும், அதற்குப் பிறகு நடந்தது வேறு. இங்கிலாந்தில் 1955-ல் ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். டெர்பிஷயரில் கிரிச் என்ற ஊரின் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றைப் பிடித்து, அங்கே பழைய டிராம்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இன்று அது அந்நாட்டின் தேசிய டிராம் அருங்காட்சியகம். 1903-ல் லண்டனில் ஓடத் தொடங்கிய 106-ஆம் எண் வண்டி 1983-ல் அங்கே மறுபடி பயணிகளை ஏற்றியது. அந்த வண்டி பிழைத்ததற்குக் காரணம் பனி. பயணி வண்டியாக ஓய்வுபெற்றபின் தண்டவாளத்தில் விழும் பனியைத் தள்ளும் வண்டியாக அதை மாற்றியிருந்தார்கள்; அதனால் உடைப்புக்குப் போகவில்லை. மெட்ராஸ் டிராமுக்கு அந்த அதிர்ஷ்டத்துக்கு வழியே இல்லை.

இப்படிப் பழைய டிராமைத் தேடுகிறவர்கள் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அடியைப் பார்க்கிறார்கள். டிராமின் மேல்பெட்டி மரத்தால் ஆனது. சேவை முடிந்ததும் பெட்டிகளை மட்டும் கழற்றித் தோட்டத்துக் கொட்டகையாகவும் கடற்கரை விடுமுறைக் குடிலாகவும் கோழிக்கூண்டாகவும் விற்பது இங்கிலாந்தில் வழக்கமாக இருந்தது. அதனால் பெட்டிகள் வயல்களில் பாதி மக்கிக் கிடைத்தன. சக்கரம், அச்சு, வில், பிரேக், மோட்டார் எல்லாம் பொருந்திய இரும்பு அடிச்சட்டத்தின் விதி வேறு. டிராம்காரர்கள் டிரக் என்று சொல்லும் அந்தப் பகுதி முழுக்க இரும்பும் செம்பும். கம்பெனி மூடிய மறுநாளே உருக்காலைக்காரன் அதற்குத்தான் விலை கேட்பான்.

டிரக்குகளில் வகை உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த ஜே.ஜி. பிரில் கம்பெனியின் '21 ஈ' என்ற நாலு சக்கர டிரக் உலகெங்கும் போன ஒன்று. இரண்டு அச்சு, ஒரே சட்டம், கட்டுறுதி, மலிவு. ஆனால் நீளமான பெட்டியை இதன்மேல் ஏற்றினால் முன்னும் பின்னும் தொங்கும் பகுதிகள் ஏறி இறங்கும். உள்ளே இருப்பவருக்குப் படகில் போவதாகத் தோன்றும். நீளப் பெட்டிக்கு இரண்டு தனித்தனி போகிகள் தேவை. இரண்டு போகி என்றால் நாலு அச்சு. நாலு அச்சுக்கும் மோட்டார் வைக்கக் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது. இரண்டு மோட்டார் போதும் என்றால் மோட்டார் இல்லாத அச்சு பாதி எடையைச் சும்மா சுமக்கும். மோட்டார் உள்ள சக்கரம் ஏற்றத்தில் வழுக்கும்.

இதற்குக் கண்ட வழிதான் 'மேக்ஸிமம் டிராக்‌ஷன்' என்ற வினோத டிரக். போகியில் ஒரு ஜோடிச் சக்கரம் பெரிது. இன்னொரு ஜோடி சிறிது. மோட்டார் பெரியதில். போகி திரும்பும் மையம் நடுவில் இல்லாமல் பெரிய சக்கரத்தின் பக்கம் தள்ளி இருக்கும். அதனால் எடையில் முக்கால் பங்குவரை இழுக்கும் சக்கரத்தின்மேலேயே விழும். பார்த்தால் ஊனம்போலத் தெரியும், கணக்கில் கெட்டி. பிரில் கம்பெனியின் '22 ஈ' இந்த வகையில் பெயர் போனது. லண்டனின் 'ஈ-1' வகை டிராம்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இந்த மாதிரி டிரக்குகளில்தான் ஓடின. குறை என்னவென்றால் எடை குறைந்த சின்னச் சக்கரம் பழுதான தண்டவாளத்தில் எளிதில் தடம் புரளும். மோட்டார்கள் சிறிதாகி விலை குறைந்ததும் இந்த வகைக்குத் தேவை போயிற்று. அன்று ஆயிரக்கணக்கில் இருந்தது இன்று ஓடும் நிலையில் ஒரு ஜோடி கிடைத்தாலே செய்தி.

முதல் நாட்ச்

கிடைத்த டிரக்கை ஓட்டத்துக்குக் கொண்டுவருவது தனி வித்தை. முதலில் முழுக்கப் பிரித்துப் போடுவார்கள். தேய்ந்த சக்கர விளிம்பைக் கடைசலில் பழைய வடிவத்துக்குச் சீவ வேண்டும். சீவ இரும்பு மிச்சமில்லை என்றால் எஃகு வளையத்தைச் சூடேற்றி விரியவைத்து, சக்கரத்தில் மாட்டி ஆறவிட்டு இறுக்குவார்கள். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளியைச் சுற்றிலும் பல இடத்தில் அளக்க வேண்டும். அது சற்று மாறியிருந்தாலும் தண்டவாளச் சந்திப்பில் சக்கரம் ஏறிக் குதிக்கும். அச்சு சுழலும் பேரிங்குக்கு வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்து, அச்சில் நீலச்சாயம் தடவிப் பொருத்திப் பார்த்து, சாயம் ஒட்டிய மேட்டைச் சுரண்டிச் சுரண்டிச் சமனாக்குவார்கள்.

மோட்டார் பாதி எடையை அச்சின்மேலும் மீதியை டிரக் சட்டத்திலும் வைத்துத் தொங்கும். பல ஆண்டு ஈரத்தில் கிடந்த மோட்டாரின் சுருளில் மின்காப்பு கெட்டிருக்கும். மெகர் என்ற கருவியின் கைப்பிடியைச் சுற்றி அதைப் பார்ப்பார்கள். முள் பூஜ்யத்துப் பக்கம் சாய்ந்தால் சூடான அறையில் காயவைத்து வார்னிஷ் பூசி மறுபடி பார்க்க வேண்டும். அதற்கும் தேறாவிட்டால் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்ற வேண்டும். கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தால் செப்பு விரல்களும், நேர்மின்சாரத்தின் தீப்பொறியை ஊதித் தள்ளும் காந்தச் சுருளும், பொறி பரவாமல் தடுக்கும் தட்டுகளும் இருக்கும். மின்தடைகளையும் கம்பி முனைகளையும் இரும்பிலிருந்து பிரித்துப் பிடிப்பதற்குப் பீங்கான் வேண்டும். உடைந்த பீங்கானை ஒட்டவைத்துப் பயனில்லை; பழையதை அளந்து அச்சு வெட்டிச் சுட வேண்டும். விருத்தாசலத்து ஆலை ஒன்றுக்குப் பழக்கப்படாத வேலை இல்லை இது.

வெள்ளோட்டம் நடக்கும் நாளில் வண்டியில் பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகள் ஏறும். டிரைவர் கன்ட்ரோலர் கைப்பிடியை முதல் நாட்ச்சுக்குத் தள்ளுவார். அந்த நிலையில் இரண்டு மோட்டார்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். மின்தடை முழுதும் நடுவே நிற்கும். வண்டி முனகிக்கொண்டு நகரும். நடக்கும் வேகத்தில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, புறங்கையை வைத்து அச்சுப்பெட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாவிட்டால் பேரிங் பிடிக்கிறது என்று பொருள்.

அடுத்தடுத்த நாட்ச்சில் மின்தடை படிப்படியாக விலகும். பிறகு இரண்டு மோட்டார்களும் பக்கவாட்டு இணைப்புக்கு மாறும். தடை முழுதும் விலகிய நிலைகள் இரண்டே இரண்டு. அவற்றில் மட்டும்தான் நெடுநேரம் ஓட்டலாம். நடுவில் உள்ள நாட்ச்சில் தங்கினால் மின்தடைகள் பழுக்கக் காய்ந்து, மரப்பெட்டியின் தரை கருகும். பிரேக்கில் நின்ற தூரத்தைச் சுண்ணாம்புக் கோட்டில் குறித்துக்கொண்டு, ஈரத் தண்டவாளத்தில், இறக்கத்தில், முழுப் பாரத்தில் என்று திரும்பத் திரும்பச் சோதித்தபின்தான் மனிதர்களை ஏற்ற அனுமதி.

பெரம்பூரும் பொன்மலையும்

தமிழ்நாட்டில் டிராமுக்கு இது நடக்கவில்லை. டிராமுக்குப் பாட்டனான நீராவி இன்ஜினுக்கு நடந்திருக்கிறது.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 1856-ல் மெட்ராஸ் ரயில்வே தொடங்கிய பணிமனை. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து கிட்சன், தாம்ஸன் அண்டு ஹெவிட்ஸன் கம்பெனி செய்து கிழக்கிந்திய ரயில்வேக்கு அனுப்பிய இரட்டையர் 21, 22 எண் இன்ஜின்கள். 22-க்குப் பிற்காலத்தில் 'ஃபேரி குயின்' என்று பெயர். இரண்டும் 1909-ல் ஓய்வு பெற்றன. ஃபேரி குயின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1997-ல் மறுபடி ஓடி, உலகிலேயே முறையான சேவையில் இருக்கும் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று 1998-ல் கின்னஸ் ஏட்டில் இடம்பிடித்தது. 21-ஆம் எண் 'எக்ஸ்பிரஸ்' ஜமால்பூர்ப் பணிமனையிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்று துருவேறிக்கொண்டிருந்தது. அது பெரம்பூருக்கு வந்தபோது உறுப்புகளில் பல இல்லை.

இதன் சக்கர அமைப்பும் இன்று காணக் கிடைக்காத ஒன்று. முன்னே ஒரு ஜோடிச் சின்னச் சக்கரம், பின்னே ஒரு ஜோடி, நடுவில் ஆறடி விட்டத்தில் ஒரே ஜோடி பெரிய சக்கரம். இழுப்பது அந்த நடுச்சக்கரம் மட்டுமே. சிறியது சுமக்க, பெரியது இழுக்க என்ற பங்கீட்டில் இது மேக்ஸிமம் டிராக்‌ஷன் டிரக்குக்கு முன்னோடி. இந்திய அகலப்பாதையில் நீராவி 1995-ல் விடைபெற்றுவிட்டது. ஆக, 2010-ல் பெரம்பூரில் இருந்த இளந்தலைமுறைக்கு நீராவி வேலை கைப்பழக்கமில்லாதது. காணாமல்போன உறுப்புகளுக்கு அளவெடுத்து, வரைபடம் போட்டு, வார்த்து, கடைந்து முடித்தார்கள். 2010 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நூறு ஆண்டு ஓய்வுக்குப் பிறகு 'எக்ஸ்பிரஸ்' ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு சென்னையில் ஓடியது. பின்வந்த ஆண்டுகளில் எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே அது பாரம்பரிய ரயிலாக ஓடியபோது, பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயிலில் போனவர்கள் செல்போனும் கையுமாக வாசலில் தொங்கினார்கள். ஃபேரி குயினும் டெல்லியில் உறுப்புகள் திருடுபோன பிறகு பெரம்பூருக்கே வந்து சரியாகி, 2017-ல் மறுபடி ரேவாரிப் பாதையில் ஓடியது.

திருச்சி பொன்மலைப் பணிமனையின் சாதனை இன்னும் ஒரு படி மேலே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில் ஏறியது; 1908-ல் ஊட்டியைத் தொட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏற்றம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை வைத்த இரட்டைச் சட்டம் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துக் கம்பெனி 1914 முதல் அனுப்பிய 'எக்ஸ்' வகை இன்ஜின்களில் நாலு சிலிண்டர். சமதரையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டியதும் அவற்றில் வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, விசில் குறிப்புக்குப் பிரேக்கைத் திருகுகிறார்.

இந்த அமைப்பை உலகில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சுவிஸ் இன்ஜின்கள் தேய்ந்துகொண்டே வந்தபோது பொன்மலை அவற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் செய்து பழகியது. பிறகு 2011 தொடங்கி எண்ணெயில் ஓடும் நாலு புது 'எக்ஸ்' இன்ஜின்களைச் செய்தது. நிலக்கரியில் ஓடுவதும் பின்னால் வந்தது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் இன்றும் ஓடுகிறதென்றால் இந்தக் கைகள்தான் காரணம். இங்கே வெள்ளோட்டத்தில் பார்ப்பது ஏறுவதை மட்டுமல்ல. பல்வரிசைமேல் இறங்கும்போது நிற்கிறதா என்பதுதான் பெரிய பரீட்சை.

ஆக, மெட்ராஸ் டிராமை மீட்க முடியாமல் போனதற்குக் கைத்திறன் இல்லாதது காரணமல்ல. நூறாண்டுத் துருவிலிருந்து இன்ஜினை எழுப்பியவர்களுக்கு ஒரு டிராம் மோட்டாரைச் சுற்றுவது மலையல்ல. பெட்டியைப் பழைய புகைப்படங்களை வைத்துத் தச்சர்கள் செய்துவிடுவார்கள். இன்சுலேட்டருக்குக் கடல் கடந்து போக வேண்டாம். வைத்துச் செய்ய ஓர் அடிச்சட்டம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான். 'எக்ஸ்பிரஸ்' பிழைத்ததற்குக் காரணம் 1909-ல் யாரோ ஒருவர் அதை உடைக்காமல் ஒரு மேடைமேல் ஏற்றி வைத்தது. 1953-ல் மெட்ராஸில் அப்படி ஒரு டிராமை ஒதுக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று அது பாரம்பரியம் அல்ல. நட்டத்தில் மூடிய ஒரு கம்பெனியின் தட்டுமுட்டுச் சாமான்.

இது மெட்ராஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. விருத்தாசலம் ஜங்ஷன் வழியாகக் கடலூரையும் சேலத்தையும் இணைத்த மீட்டர்கேஜ் பாதை 2000-களில் அகலப்பாதையாக மாறியபோது, அந்தத் தடத்தில் ஓடிய பெட்டிகளின் போகிகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அகலம் மாறினால் பெட்டியை வேறெதற்காவது பயன்படுத்தலாம். சக்கரத்தை உருக்கத்தான் வேண்டும். தமிழ்நாடு முழுக்க மீட்டர்கேஜ் போன வேகத்தில், காட்சிக்கு நிற்கும் இன்ஜின்கள் சில ரயில் நிலைய வாசல்களில் மிஞ்சின. ஓடும் நிலையில் மிஞ்சியது நீலகிரிதான்.

மும்பை ஒரு வழி கண்டுபிடித்தது. தன் டிராம்களை இழந்து அரை நூற்றாண்டு கழித்து, அந்நகரத்து 'பெஸ்ட்' நிறுவனம் கொல்கத்தாவிடம் ஒரு பழைய டிராமை வாங்கி வந்து, சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்துக்கு எதிரே பாட்டியா பாக் பூங்காவில் காட்சிக்கு வைத்தது. மும்பைக்காரர்கள் தங்கள் டிராம் என்று நினைத்துப் படமெடுப்பது கொல்கத்தா வண்டியை.

கொல்கத்தாவில் மட்டும் டிராமைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த நோனாபுகூர் பணிமனை இருக்கிறது. 1938-ல் செய்த ஒரு டிராமைச் சீர்செய்து, 'ஸ்மரணிகா' என்ற பெயரில் எஸ்பிளனேடில் 2014 முதல் சிறு அருங்காட்சியகமாகவும் காபிக்கடையாகவும் நடத்துகிறார்கள். 2023 பிப்ரவரியில் முதல் குதிரை டிராமின் 150-ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே மைதானம் – எஸ்பிளனேடு என்ற ஒரு துண்டுப் பாதையைப் பாரம்பரியச் சவாரிக்கு விட்டுவிட்டு மற்றதை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. விஷயம் நீதிமன்றத்திலும் இருக்கிறது. பாதை சுருங்கச் சுருங்க, வேலையில்லாமல் டிப்போக்களில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை கூடும். சென்னை தன் டிராமின் மாதிரி ஒன்றை வேப்பேரியிலோ எழும்பூரிலோ நிறுத்திவைக்க எப்போதாவது ஆசைப்பட்டால் டிரக் கேட்டுப் போக வேண்டிய இடம் அதுதான். இரும்பு வியாபாரியின் டெண்டர் திறப்பதற்குள் போக வேண்டும்.